இரண்டு கிண்ணக் கூழ்

என் அருமை அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பிய பிறகு, கடைசியாகச் சில வாரம் உனக்குப் பசி எடுத்ததே, அது எதனால்? புளித்த கூழ் குடித்ததாலா, ஊசிகளை நிறுத்தியதாலா, சொந்த வீட்டுக்கு வந்துவிட்டதாலா? நுண்ணுயிரியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்தும் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்ததுபோல் உன்னிடம் பேசவும் மாட்டேன்.

உன் வீட்டுக்காரர் மாமாவுக்கு இந்தச் சந்தேகமே இல்லை. கூழ்தான் உன்னைப் பிடித்து வைத்திருந்தது, மருந்துதான் கொண்டுபோய்விட்டது என்கிறார். உனக்கு ஊசி போட்டபோது, அது வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? அந்த ஒரு பேச்சை மட்டும் மாமா மறக்கவில்லை. இப்போது அவருக்கு எல்லா மருந்தும் ஒன்றுதான். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நீ போன அன்று, வழக்கப்படி, வீட்டிலிருந்த சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள். உன் கூழ்ப்பானையும் போயிற்று. அடியில் கொஞ்சம் பழைய கூழை விட்டுவைத்து, அதன்மேல் புதுக் கூழை ஊற்றி ஊற்றி நீ வளர்த்த புளிப்பு அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். காரியம் முடிந்ததும் பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஒரு சொம்போடு வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, இது உங்கக்கா எனக்குக் குடுத்த புளிப்புத்தானுங்க. எங்க ஊட்டுப் பானையில கெடந்துச்சு. உங்க ஊட்டுக்கே கொண்டாந்துட்டேன்."

மாமா அதை வாங்கித் தன் கையாலேயே புதுப் பானையில் ஊற்றினார். இன்று வரை அந்தப் பானையை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

போன வாரம் மரவள்ளிக் காட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கு மேடம். மாத்திரையத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க. இப்படியே விட்டா ஒரு பக்கம் இழுத்துக்கும்" என்றார். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தேன்.

"மாத்திரையப் போட்டா உள்ள போன கூழு அத்தனையும் செத்துப் போயிரும் கண்ணு" என்றார் மாமா.

"அது வேற மருந்துங்க மாமா. இது கிருமியக் கொல்லாதுங்க."

"உங்கக்கா வகுத்துக்குள்ள நீ எறங்கிப் பாத்தியா?"

நீ இருந்திருந்தால் ஒரே அதட்டலில் விஷயத்தை முடித்திருப்பாய்.

கீழே கல்லூரியில் என்னிடம் கேட்கிறார்கள், கடையில் புட்டியில் விற்கும் நல்ல கிருமிப் பானத்தை வாங்கலாமா என்று. மோரோ, பழைய சோற்று நீரோ, புளித்த கூழோ தினம் ஒரு டம்ளர் போதும் என்பேன். முதலில் கொஞ்சமாக ஆரம்பியுங்கள், புளித்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள், அதை உணவாக நினையுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள் என்றும் சொல்வேன். இட்லி போதாதா என்று கேட்டால், அது வேகும்போதே கிருமி செத்துவிடும் என்று சொல்லி அவர்கள் முகத்தை வாட வைப்பேன். இத்தனையும் ஊருக்குச் சொல்கிறவள் மாமாவிடம் தோற்று நின்றேன்.

இன்று மாலை வேறு வழி தோன்றியது. ஆறின கேழ்வரகுக் கூழை இரண்டு கிண்ணத்தில் எடுத்தேன். இரண்டிலும் மாமாவே தன் பானையிலிருந்து ஒவ்வொரு கரண்டி புளிப்பு விட்டார். ஒன்றில் மட்டும் மாமாவின் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலக்கினேன். மாத்திரை கூழைக் கொல்லும் என்றால் அந்தக் கிண்ணம் புளிக்கக் கூடாது. மாமா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"புளிக்காட்டி என்ன பண்ணுவ?"

"அப்புறம் உங்ககிட்ட மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டேனுங்க."

சொன்ன பிறகுதான் பயமாயிருந்தது. கிண்ணம் வயிறாகிவிடாது என்று எனக்குத் தெரியும். குளிர் அதிகமானால் இரண்டுமே புளிக்காமல் போகலாம். உன்னைப் பார்த்துக்கொண்ட மனிதரை ஒரு கிண்ணத்தை நம்பியா விட்டிருக்கிறேன்?

எது நடந்தாலும் அதை நடந்தபடியே உனக்கு எழுதுவேன். மாமாவைத் தனியே விட மாட்டேன். இந்த இரண்டுக்கும் நீ என்னை நம்பலாம்.

உனக்குப் பின் பிறந்தவள்,
உன் தங்கை

மறுநாள்:

இரண்டு கிண்ணமும் புளித்திருந்தன. இரண்டிலும் மேலே சின்னச் சின்னக் குமிழிகள். மாமா ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார், திரும்ப முதலாவதை எடுத்தார்.

"எதுல போட்ட?"

காட்டினேன். கிண்ணம் வேறு, வயிறு வேறு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மாத்திரை கலந்த கூழை மாடு கன்று வாய் வைக்காத இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு வந்தார். பானையிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குடிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"கூழுக்கு முன்னாலயா, பின்னாலயா?"