தள்ளிவைத்த வயல்

நங்கை,

இன்று செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒருத்தி மடியிலிருந்து இலைப்பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ஒட்டரிசிச் சோறு. ஆவியில் வெந்து ஒரே கட்டியாகத் திரண்டு, இலையின் வாசத்தையும் வாங்கிக்கொண்ட சோறு. அந்த வாசம் வந்ததும் நீங்களும் வந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் நான்தான் படித்துக்காட்டியிருக்க வேண்டும். அதனால் இப்போது எழுதுவதில் பெரிய குறை ஒன்றும் இல்லை.

அந்த நெல்லைப் பற்றி வெளியாட்கள் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். தேன் ஊற்றிச் சாமிக்குப் படைப்பது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, ஒரு கட்டி தின்றால் மலையிறங்கி முடிக்கும்வரை பசிக்காது என்று. எல்லாம் உண்மைதான். எனக்கு முதலில் நினைவு வருவது முதுகுவலி. வைகாசியின் முதல் மழைக்குச் சரிவைக் கொத்தி, புழுதியிலேயே விதைத்து மூடுவோம். ஆடி முழுவதும் ஈரத்தில் குனிந்து களை பறிப்போம். புரட்டாசியில் பன்றி வராமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் இருப்போம். இவ்வளவுக்குப் பிறகும் அந்த நெல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பழுத்துவிட்டால் காத்திருக்காது. காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் போதும், மணி மண்ணுக்குப் போய்விடும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு, எனக்கு நங்கையாக, இதே மலையின் திருப்புலி நாட்டிலிருந்து எங்கள் குண்டூர் நாட்டுக்கு நீங்கள் வந்த முதல் ஐப்பசி. நம் சரிவு பழுத்து நின்றது. யாரும் அரிவாளை எடுக்கவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் வயலில்தான் முதல் அறுப்பு. அதற்கும் ஊரே கூலியில்லாமல் போக வேண்டும். அவர் வீட்டில் புதுச்சோறு பொங்கிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் வயலில் இறங்கலாம். அவருடைய வயலோ ஓடையோரப் பள்ளத்தில், ஈரத்தில் கிடந்தது. மேட்டு நிலம் பழுத்து நாளான பிறகே அது பழுக்கும். அதுவரை சரிவுக்காரர்கள் தங்கள் நெல் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்ததால் அது எங்களுக்கு மழை, பனி மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள்.

"ஏனுங் கொழுந்தனாரே, உங்கூர்ல நெல்லு பழுக்கறதுகூடப் பெரியவரைக் கேட்டுக்கிட்டுத்தானுங்களா?"

அண்ணன் பதறிப்போனான். "மெதுவாப் பேசு புள்ள. காத்துல போயிரும்."

"போகட்டுமுங்க. நெல்லே காத்துலதான் போயிட்டிருக்குது."

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். பாதி விளைச்சல்தான் வீட்டுக்கு வந்தது. மாசியிலேயே அரிசி தீர்ந்து, கிழங்கை அவித்துத் தின்றோம். மூன்றாம் வருஷம் கிழக்கே கருமேகம் கட்டியது. காலையில் நீங்கள் அரிவாளை எடுத்தீர்கள். அண்ணன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காச்சலாட்டம் இருக்குது" என்றான். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"இந்தச் சூட்டுல சோறு வேகாதுங்க. படுத்திருங்க, நாங்க போய்ட்டு வாரோம்."

நாம் இருவரும் அறுத்தோம். கட்டுகளைத் தலையில் சுமந்து கூரைக்கடியில் சேர்த்தோம். அடுத்த நாள் பிடித்த மழை விடவேயில்லை. மற்றவர்களுடைய சரிவெல்லாம் சாய்ந்து, நெல் சேற்றோடு ஓடையில் போனது. ஊர் கூடியது. தங்கள் சோற்றைப் பறித்தது எந்த வழக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் முறை தவறியதால்தான் இந்த மழை பிடித்தது என்றார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

பெரியதனக்காரர் ஊர்விலக்குச் சொன்னார். நம் வீட்டுக்கு யாரும் நெருப்புத் தரக் கூடாது. வேலைக்கு வரக் கூடாது. உங்கள் கையால் எதையும் வாங்கக் கூடாது. ஊருக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

"எந்தத் தப்புக்குங்க?" என்று கேட்டீர்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வைகாசி வந்தது. விதைக்க யாரிடமும் நெல் இல்லை. பெரியதனக்காரரின் பள்ளத்து நெல் சரிவில் கதிர் பிடிக்காது. மேட்டுக்கான ஒட்டரிசி விதை இருந்த ஒரே வீடு, ஊர் தள்ளிவைத்த வீடு. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நம் வீட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி, "மழ எறங்கிருச்சு. சில ஊட்ல வெதை இருக்குது, சில ஊட்ல இல்ல" என்றாள். நீங்களும் வானத்தைப் பார்த்தே பதில் சொன்னீர்கள். "சில ஊட்ல இன்னிக்கு வெதையப் பாயில காயப் போடுவாங்க. போட்டுட்டு ஓடைக்குப் போயிருவாங்க. காக்கா குருவி வந்தா வெரட்ட ஆளிருக்காது."

சொன்னபடியே செய்தீர்கள். நாம் ஓடையிலிருந்து திரும்பியபோது பாதிப் பாய் காலியாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. "கேட்டு வாங்க வாயில்லையா நங்கை? திருடனாட்டம் அள்ளிட்டுப் போறாங்க!"

"வாயிருந்தா நம்மளத் தள்ளி வெச்சிருப்பாங்களா? வவுறு இருக்குதில்ல, அது வந்து எடுத்துட்டுப் போயிருக்குது. சும்மா உடுங்க சாமி."

என்னால் சும்மா விட முடியவில்லை. உங்கள் நெல்லை எடுத்தார்கள், உங்கள் கையைத் தொடவில்லை. ஆவணியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. அண்ணனுக்கு வந்தது போன்ற காய்ச்சல் இல்லை. மலையில் வைத்தியர் கிடையாது. சேலையில் தூளி கட்டி, மூங்கிலில் கோர்த்து அடிவாரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். தோள் மாற்ற ஆள் வேண்டும். நானும் அண்ணனும் மூங்கிலைத் தூக்கி நின்றபோது, சின்னப்பொண்ணின் புருஷன் மட்டும் வந்து தோள் கொடுத்தான். மற்ற கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. இறக்கத்தில் பாதி வழியில், தூளியின் கனம் மாறியது தோளிலேயே தெரிந்தது. இன்று இந்த மலைக்கு ரோடு போடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். ரோடு வந்தாலும் அன்றைக்கு மூடிய கதவுகள் திறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஐப்பசியில் ஊர்ச் சரிவெல்லாம் உங்கள் விதை பழுத்து நின்றது. பள்ளத்து வயல் இன்னும் பச்சை. நான் எழுவதற்கு முன்பே அண்ணன் வீட்டில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். நம் சரிவில் தனியாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. பெரியதனக்காரரின் ஆள் வரப்பில் நின்று சத்தம் போட்டான்.

"ஏப்பா, பெரிய ஊட்டு வயல்ல இன்னும் அரிவா படல. பொண்டாட்டி போயும் புத்தி வல்லியா?"

அண்ணன் நிமிர்ந்தான். அவன் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதே இல்லை. "பழுத்தது இதுங்க! பழுத்ததத்தான அறுக்க முடியும்?"

அந்த ஆள் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த சரிவில் சின்னப்பொண்ணு இறங்கினாள். அவள் புருஷன் இறங்கினான். அதற்கும் மேலே இன்னொரு வீடு. எல்லோரும் இறங்கவில்லை நங்கை, பொய் சொல்ல மாட்டேன். பாதி ஊர் வாசலில் நின்று பார்த்தது. ஆனால் இறங்கியவர்கள் அந்த வருஷம் மாசியிலும் சோறு தின்றார்கள்.

இறங்கிய வீடுகள் அத்தனைக்கும் விலக்குச் சொன்னார்கள். நாங்கள் எங்களுக்குள்ளேயே நெருப்பு வாங்குகிறோம், ஆள் மாற்றி வேலை செய்கிறோம், பெண் கொடுத்து எடுக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் ஓரிரு வீடுகள் எங்கள் பக்கம் சேர்கின்றன. போன மாதம் பெரியதனக்காரர் ஆள் அனுப்பினார். ஒப்புக்கு ஒரு தரம் மன்னிப்புக் கேட்டால் போதுமாம், உங்கள் பெயரையும் சேர்த்து எல்லோருக்கும் விலக்கை எடுத்துவிடுவாராம். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"எந்தத் தப்புக்குங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டோம்.

உங்கள் மேல் விழுந்த விலக்கு இன்னும் எங்கள் மேல் இருக்கிறது. அதை இறக்கிவைக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை.