பார்க்கலாம் என்ற சொல்

மார்ச் 3, திங்கள்
அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை, எத்தனை நாள் அலுவலகம் என்று அவரவரே நிரப்பி 21-க்குள் அனுப்ப வேண்டுமாம். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில்தான் என் பிரிவை நடத்துகிறேன். மூன்றரைக்கு மனைவி பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வருவாள். சேர்ந்து டீ குடிப்போம். நிர்வாகம் அறியாத ஒரே கூட்டம் அது. ஏதாவது முடிவாகும் ஒரே கூட்டமும் அதுதான்.

"மூணு நாள் வீடுன்னு போடுங்களேன்" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

மார்ச் 5
கணினியில் கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண், அக்காவின் பிரசவத்துக்கு இரண்டு நாள் விடுப்பு கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அங்கே அவள் பக்கத்தில் இருந்த மூத்த எழுத்தர், மைக்கை அணைத்துவிட்ட நினைப்பில் சொன்னார்: "சார் பார்க்கலாம்னா நடக்காதுன்னு அர்த்தம்மா. அக்காவை அடுத்த மாசம் பெத்துக்கச் சொல்லு."

என் பின்னால் மனைவி டீயோடு நின்றிருந்தாள். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள். சத்தமாக வைத்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மார்ச் 6
"நீச்சல் கத்துக்கணும்னேன். பார்க்கலாம்னீங்க. தங்கச்சி வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரேன்னேன். பால்கனி கதவு..." விரல் விட்டு எண்ணினாள். கால் விரலுக்கும் வேலை வந்திருக்கும், பாதியில் நிறுத்திவிட்டாள். "பத்தொன்பது வருஷம். நிஜமாவே பார்ப்பீங்கன்னு இருந்துட்டேங்க."

நானும் அப்படித்தான் நம்பினேன் — இல்லையா? தெரியல. சொன்னதும் மறந்துடுவேன். அவ்வளவுதான். அவ மறக்கல.

மார்ச் 7
மூன்றரைக்கு ஒரே கோப்பை. அவளுடையது. அவளோடு படுக்கையறைக்குப் போய்விட்டது.

மார்ச் 11
பால்கனி கதவைச் சரிசெய்தேன். இப்போது திறக்கிறது. மூடத்தான் மாட்டேன் என்கிறது.

மார்ச் 12
அலுவலகம் போனேன். எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மூன்று நாற்காலி தள்ளி இருப்பவரோடு கணினி வழியே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்கு இயந்திரம் எதையோ ஊற்றியது. டீ என்று எழுதியிருந்ததால் நம்பினேன்.

புதுப் பெண்ணிடம், "லீவு எடுத்துக்கோம்மா" என்றேன்.

"சார், உடம்பு ஏதும் சரியில்லையா?"

மூத்த எழுத்தர் அருகில் வந்தார். "வீட்டுல கோபமாமே சார்?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். நேத்து மியூட் போடாம கதவுகிட்ட புலம்பினீங்களே. பதினோரு பேர் கேட்டோம்."

மார்ச் 20
படிவம் அனுப்பியாயிற்று. சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கான விண்ணப்பம் வாங்கிவந்து மேசையில் அவள் பக்கம் வைத்தேன். படித்தாள். மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மூணு நாள் வீடுன்னு போட்டுட்டேன். மூணரைக்கு டீ உண்டா?"

"பார்க்கலாம்" என்றாள்.

மார்ச் 24, திங்கள்
சனிக்கிழமை நீச்சல் குளத்தில் குடித்த தண்ணீர் இன்னும் அவள் மூக்கில் இருக்கிறதாம். நான் சிரித்திருக்கக் கூடாது. அவளே சிரித்ததால் தப்பித்தேன். இதெல்லாம் பேசியது மூன்றரைக்கு. மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன.