மொட்டைமாடியில் காயும் மணல்

ஜூன் 10, செவ்.
அனல் காற்று. அச்சு பிரஸ்ஸில் கரண்ட் இல்லை, சீக்கிரமே வீடு. ஞாயிறு மதுரையில் சிறு பொம்மைகளுக்கு பெயின்ட் அடிக்கும் போட்டி. குதிரை வீரனுக்கு பெயின்ட் முடிந்தது. விரல் உயரம்தான். காலடியில் நிலம் மட்டும் பாக்கி. போன வாரம் ஒட்டிய மணல் உப்புப் பூத்து ஒரே வெள்ளை. கழுவாமல் ஒட்டிய புத்திசாலி நான்தான். மறுபடி சுரண்டல். எரிச்சல்.

ஜூன் 11, புத.
வைப்பாற்று மணல், கலங்கல் போகும்வரை அலசல். ரவை சல்லடையில் சலித்தால் குதிரைக் குளம்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மணலும் பாறை மாதிரி நிற்கிறது. டீ வடிகட்டி தேவலை. வீடு கட்டப் போறீகளா என்று கீழ்வீட்டு அக்கா. சிரிக்கத் தோன்றவில்லை. மாடியில் பழைய போஸ்டர் தாளில் காயப்போட்டேன்.

ஜூன் 12, வியா.
காற்று தாளைப் புரட்டிவிட்டது. பொடி மணல் பாதி காணோம். எனக்கு வேண்டியதே அதுதான். கொடியில் கிடந்த வீட்டுக்காரர் வேலைச் சட்டையை உதறி மடித்து வைத்தேன். ஒரு பிடி மண்ணுக்கு இந்தப் பாடு.

ஜூன் 13, வெள்.
இவர் காலையிலேயே திரும்பிவிட்டார். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டில் சட்டைப்பையைப் புரட்டுவார்கள். இன்று மணல் கொட்டியிருக்கிறது. மருந்தில் மணல் உரசினால் தீப்பொறி. கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் தெரியும். திங்கட்கிழமை வந்தால் போதும் என்று போர்மேன் அனுப்பிவிட்டார்.

சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் சொன்னார்.

"கேட்டுல பாக்காம விட்டிருந்தா, இன்னைக்கு நாலு வீட்டுல எளவு, புள்ள."

திட்டியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயி.
மதுரை போகவில்லை. போயிட்டு வரவேண்டியதுதானே என்கிறார். அதுவும் எரிச்சல். மணலைத் தெருமுனையில் கொட்டியாச்சு. மாடி முழுக்கக் கழுவல். இடுப்பு வலி. கோபம் என் மேல்தான்.

ஜூன் 16, திங்.
காற்று நிற்கவில்லை. சட்டையை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். பையைப் பிரித்து, தையல் மடிப்பெல்லாம் நகத்தால் நீவியாச்சு. கிளம்பும்போது வாசலில் கையை விரித்து நின்றார். நானும் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் பஸ் வந்தால்தான் தெரியும். பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். மணி பதினொன்று.