ஒன்று தசம் எட்டில் எடுத்த படம்

இன்று காலை உன் மனைவி லா ஷப்பலில் இருக்கும் நம் கடைக்கு வந்திருந்தார். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிற ஆட்டத்திவசத்துக்கு ஒரு படத்தைப் பெருப்பித்துத் தர வேண்டுமாம். கைப்பேசியில் அவர் காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொபினி மண்டபத்தில் நீ எடுத்த அந்தக் கல்யாணப் படம். மூன்று வரிசை ஆட்கள். முன்வரிசையில் மணப்பெண்ணின் இமைமயிர்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்வரிசை முழுக்கக் கலங்கல்.

அன்றைக்கே சொன்னேன். லென்ஸின் துளையை, அந்த அப்பர்ச்சரை, இவ்வளவு அகலத் திறந்தால் ஒரே தூரத்தில் நிற்பவர்கள்தான் தெளிவாக விழுவார்கள், மற்றவர்கள் மங்கிப் போவார்கள், துளையைச் சுருக்கி எட்டுக்குக் கொண்டுவா என்று. கேட்டாயா?

"ஒண்டு தசம் எட்டு லென்ஸ் வாங்கினது ஒண்டு தசம் எட்டிலை எடுக்கத்தானே, மச்சான்" என்றாய்.

வீடியோ எடுத்துக்கொண்டு நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பெண்ணின் தகப்பன், "தம்பி, நீங்களும் வந்து நில்லுங்கோ" என்று கூப்பிட, நீ டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய்க் கடைசி வரிசையில் செருகிக்கொண்டாய்.

ஆல்பம் போய்ச் சேர்ந்ததும் வில்லியே லே பெல்லிலிருந்து பெண்ணின் மாமா தொலைபேசியில் என்னைத்தான் பிடித்தார். "என்ரை ஆக்களெல்லாம் புகைக்குள்ளை நிக்கினம். என்ன படம் இது?" மன்னிப்புக் கேட்டது நான். நீ பின்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த கல்யாணத்தில் என் வாயை அடைக்க நினைத்து இருபத்திரண்டுக்கு மூடினாய். "இண்டைக்கு மூண்டு வரிசையும் கத்தி மாதிரி வரும், பார்." வந்ததா? துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி முழுப் படமுமே கூர்மை இழக்கும் என்று உனக்குத் தெரியாதா? போதாததற்கு ஷட்டரும் மெதுவாகி, அசைந்த பிள்ளைகள் எல்லாம் இழுபட்டுப் போனார்கள். "நடுவிலை நிக்கவே தெரியாதோ உனக்கு?" என்று கத்தினேன். சிரித்தாய். உன்னோடு சண்டை பிடிப்பதில் இருந்த பெரிய கரைச்சலே அதுதான்.

"தங்கச்சி, இதைப் பெருப்பிச்சால் அவன்ரை முகமே விளங்காது" என்று உன் மனைவியிடம் சொன்னேன். போன வருடம் கடை வாசலில் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். ஐந்து தசம் ஆறில் எடுத்தது. நரைத்த தாடி, சட்டைத் தையல், எல்லாம் துல்லியம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு, அண்ணை. ஆனா இது நோய் வருத்தத்திலை இருந்த ஆள். எனக்கு அதுக்கு முந்தின ஆள் வேணும்."

கணினியில் கூர்மையைக் கூட்டிப் பார்த்தேன். உன் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்ததே தவிர, கண் வரவில்லை. எடுக்கும்போது விழாததைப் பிறகு எங்கிருந்து கொண்டுவருவது? கடைசியில் கூட்டியதையெல்லாம் நீக்கி, அளவைக் குறைத்து, கலங்கலாகவே அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "ஓம், இவர்தான்" என்றார். நான் அச்சு மெஷினைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். அப்பர்ச்சரை எட்டில் வைக்கும்போது வழக்கம்போல் உன்னை ஏசிவிட்டேன் போலிருக்கிறது.

"ஆரோடை கதைக்கிறியள்?" என்றார்.

"என்ரை பார்ட்னரோடை" என்று சொல்லி, அவரை நிமிர்ந்து இருக்கச் சொன்னேன்.