எட்டு நாளாக அசையாத கோடு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நான் எதையாவது சுற்றி வளைத்துச் சொன்னால் "விஷயத்துக்கு வாடீ" என்பாய். விஷயம் இதுதான்: இன்று டேவிட்டின் சட்டையில் அந்த ஸ்ப்ரே வாசனை.

சாயங்காலம் துவைக்கப் போடும்போது கவனித்தேன். தின்னர் வாசனை எனக்குப் பழக்கம்தான். நீ, நான், அவர் மூவரும் ஒரே பெயின்ட் கம்பெனியில் இருந்தபோதே பழகியது. இது அதற்கு அடியில் இருந்தது. லேசான இனிப்பு வாடை, தொட்டால் விரலில் வழவழப்பு.

"ஷெட்டு ஷட்டர் இறங்கவே மாட்டேன்னுச்சு. போன வாரம் சிலிக்கோன் ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன், இன்னிக்கும் கொஞ்சம் அடிச்சேன். இப்ப ஒரு விரல்ல இழுக்கலாம்," என்றார். சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீ அந்த ஸ்ப்ரேயை உள்ளே விடக் கூடாது என்று சண்டை போட்ட காலத்தில் அவர் பேக்கிங்கில் இருந்தார். கலவை ஷெட்டுக்கு மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது.

நான் போனை எடுத்தேன். சென்சார் அலாரம் அடித்தால் யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்ற பட்டியலில் என் நம்பரையும் நீதான் சேர்த்தாய். பிரசவ லீவு முடிந்து வேலையை விட்ட பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. ஆப்பைத் திறந்தால் நான்கு சென்சாரும் பச்சை. நான்கிலும் ஜீரோ. பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எட்டு நாளாக ஒரே நேர்கோடு. ஒரு மூடியைத் திறந்தாலே இரண்டு, மூன்று என்று ஏறி இறங்குகிற இடம் அது. எட்டு நாளாக அந்த ஷெட்டில் ஒரு டிரம்கூடவா திறக்கவில்லை?

அந்த வயர்லெஸ் சென்சார்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பழைய ஷெட்டு, வயர் இழுக்க வழியில்லை என்று பேட்டரியில் ஓடுகிற பெட்டிகளாக வாங்கினார்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும் என்று முழங்கால் உயரத்தில் மாட்டினோம். மறுநாளே ஒன்றில் சாப்பாட்டுப் பை தொங்கியது. நீ அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "யாரோடது? உள்ள என்ன, கருவாடா?" என்று ஷெட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே போனாய். செல்வம் அண்ணன்தான் கடைசியில் வந்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீ டெஸ்ட் பண்ணினாய். கையடக்க சிலிண்டர், ஒரு டியூப், நுனியில் ஒரு கப். தரையில் குந்தி உட்கார்ந்து கப்பை சென்சாரின் வாயில் வைத்து அளவான வாயுவை விடுவாய். நான் போனைப் பார்த்து "இருபது... நாப்பது... அம்பது" என்று கத்த வேண்டும். சைரன் அலறும். செல்வம் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா மேடம், வாராவாரம் அதும் மூக்குல பொடி போட்டுக்கினே கீறீங்க? அது தும்மாம இன்னா பண்ணும்?" என்பார். நீ சிரிக்காமல், "தும்மற வரைக்கும் உங்களுக்கு நல்லதுண்ணா," என்பாய்.

ஒரு திங்கட்கிழமை மூன்றாவது சென்சார் தும்மவில்லை. கப்பை வைத்தாய், நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், எண் அசையவில்லை. நீ அன்று மதியம் சாப்பிடவே இல்லை. ஷெட்டையெல்லாம் துழாவி, தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு யாரோ சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்திருந்ததைக் கண்டுபிடித்தாய். உள்ளே இருக்கிற, பாசிமணி மாதிரியான சின்ன மணியில் வாயு பட்டு எரிந்தால்தான் சென்சாருக்குத் தெரியும், சிலிக்கோன் அந்த மணிமேல் படிந்துவிட்டால் எவ்வளவு வாயு வந்தாலும் அது ஜீரோதான் காட்டும் என்று மேனேஜருக்கு விளக்கினாய். "ஜீரோ காட்டினா நல்லதுதானேம்மா?" என்று கேட்டார். "சும்மா இருக்கிற ஜீரோ வேற சார், செத்துப்போன ஜீரோ வேற," என்றாய். புது சென்சார் வரும்வரை அந்தப் பக்கத்தில் ஒரு டிரம்மையும் திறக்க விடவில்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் உனக்குத்தானே எழுதுகிறேன்.

நீ டெங்குவில் படுத்தபோது எனக்கு எட்டாவது மாதம். முதல் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாய். குரலே வரவில்லை. "டெஸ்ட் பண்ணிட்டியா?" என்றாய்.

"பண்ணிட்டேன். நாலும் அம்பது தாண்டுச்சு. நீ பேசாம தூங்கு," என்றேன்.

நான் பண்ணவில்லை. குந்தி உட்கார முடியவில்லை, தின்னர் வாசனைக்குக் குமட்டியது. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். மேசையில் உட்கார்ந்தபடியே ரெஜிஸ்டரில் நான்கு தடவை ஓகே போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த திங்களும் அப்படியே. மூன்றாவது திங்கள் சிட்லபாக்கத்தில் உன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உன் பெட்டியைச் சுற்றி ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது எனக்கு ரெஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் போய் அந்த வாரத்துக்கும் ஓகே போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் பிரசவ லீவில் வரும்போது ரெஜிஸ்டரை வாங்கிக்கொண்ட பையனிடம் டெஸ்டைப் பற்றிச் சொன்னேன். அவன் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "கடைசியா நீங்க உக்காந்த இடத்துலயேதானே போட்டீங்க மேடம்? நான் பார்த்தேனே," என்றான். நான் ரெஜிஸ்டரை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். இப்போது அவனும் உட்கார்ந்த இடத்திலேயே போடுகிறானாம்.

இன்று சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மேனேஜருக்குப் போன் பண்ணினேன். "ஆப் தானே செக் பண்ணிக்குதும்மா," என்றார். அது பேட்டரியையும் சிக்னலையும்தான் சார் பார்க்கும் என்றேன். "டெஸ்ட் பண்ற கேஸ் சிலிண்டர் தீர்ந்து நாளாச்சு. அடுத்த மாசம் சர்வீஸ்காரங்க வர்றாங்க, பாக்கச் சொல்றேன். பாப்பா எப்படி இருக்கா?" என்றார். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல?

டேவிட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஸ்ப்ரே வாங்கினது நான். சென்சார் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. நீ வீட்ல உக்காந்து ஆளாளுக்குப் போன் போடாத," என்றார்.

"நாளைக்கு லீவு போடுங்க."

"நான் போட்டா? செல்வம் அண்ணன் போவாரே. அவருக்கு யார் லீவு குடுப்பா?"

கோபத்தில் கேட்டாரா, அவருக்கும் பயம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூச்சைக் கேட்டால் இன்னும் தூங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு சென்சாரும் செத்திருக்கலாம், ஷெட்டை நிறுத்துங்கள் என்று. ஏன் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்பார்கள். ரெஜிஸ்டரை எடுப்பார்கள். டெஸ்ட் பண்ணாமல் போட்ட முதல் கையெழுத்து என்னுடையது. அதையும் மெயிலில் எழுதியிருக்கிறேன். ஸ்ப்ரே விஷயத்தை எழுதினால் அவர் வேலை போகும். எழுதாவிட்டால் புது சென்சார் மாட்டிய மறுநாளே யாராவது அதே ஸ்ப்ரேயை அடிப்பார்கள். அந்த ஒரு வரியை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"டெஸ்ட் பண்ணிட்டியா?" என்று நீ கேட்ட அந்தக் குரல் என்னிடம் அப்படியே இருக்கிறது. பாப்பாவின் கஞ்சி சூடு பார்க்கும்போதுகூடக் கேட்கிறது. ஒருநாளும் நீ கோபமாகக் கேட்டதில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பி, "சரிடீ" என்று வைத்தாய். அதுதான் தாங்கவில்லை.

ஊரப்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். அவர் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவார். அந்த வரியை வைக்கவா, எடுக்கவா? நீ இருந்திருந்தால் கேட்ட உடனே சொல்லியிருப்பாய். எப்படியாவது சொல்லு. சீக்கிரம் பதில் போடு.