ஒரு வருடம்தானே, வாப்பா?

என் அருமை வாப்பாவுக்கு,

உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். மாம்புரியில் பெண்பிள்ளைகள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. நீங்கள் அடங்கியிருக்கும் கப்றடியில் நின்று சொல்ல வேண்டியதை அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகி ஆறாம் கிழமை, கெம்பஸில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. விவசாயபீடம், கண்டிப் பக்கம். வாசித்ததும் உங்களைத்தான் கூப்பிட வாயெடுத்தேன். பிறகு அழுதேன். சந்தோசச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

உங்களை இழந்த உம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்ட மாட்டார். கடைக்கும், மிளகாய்த் தோட்டத்துக்கும், தங்கச்சியின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் நான்தான் ஓடுகிறேன். ஆண்கள் யாராவது வந்தால் வாசலில் நின்று பதில் சொல்வதும் நான்தான். இந்த நிலைமையில் எப்படிப் போவது?

"ஒரு வருசம்தானே மகள், கெம்பஸ் எங்கயும் ஓடிப்போகாது" என்றார் மாமா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருடம் சேர அனுமதி கேட்டுக் கடிதம்கூட எழுதி வைத்தேன். காரணம், உம்மாவின் இத்தா.

உங்களிடம் மறைத்து என்ன? அது பாதிக் காரணம்தான். மீதி பயம். அந்தக் குளிர் ஊரில், முகம் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில், நீங்கள் இல்லை என்பதை யாரிடம் சொல்லி அழுவேன்? இங்கே மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே நின்றால், நீங்கள் பக்கத்துப் பாத்தியில் நிற்பது போலவாவது இருக்கிறது.

அனுப்பும் முன் அந்தக் கடிதத்தை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஏசவில்லை. உங்கள் கதையைச் சொன்னார்.

யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தபோது உங்களுக்குப் பதினேழு வயதாம். அகதி முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் சேரச் சொன்னார்களாம். "அடுத்த மாசம் ஊருக்குப் போயிருவம், என்ட பள்ளிக்கூடத்திலேயே படிச்சுக்கிறன்" என்றீர்களாம். அடுத்த மாதம், அடுத்த நோன்பு, அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் என்று போய், கடைசியில் மண்வெட்டியைக் கையில் எடுத்தீர்களாம்.

ஏன் வாப்பா இதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? நான் பரீட்சை எழுதிய நாளெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே. எனக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளக்கூட நீங்கள் இல்லை.

"இத்தா எனக்குத்தான், ஒனக்கில்ல" என்றார் உம்மா. "இதுக்கு நாலு மாசம் பத்து நாளெண்டு ஒரு முடிவிருக்கு. ஒங்கட வாப்பா காத்திருந்ததுக்கு முடிவே வரல்ல."

கடிதத்தை நானே கிழித்தேன்.

மதுரங்குளியிலிருந்து உம்மாவின் தங்கை, சாச்சி வந்து இத்தா முடியும்வரை அவரோடு இருப்பார். இந்தப் போகம் தோட்டம் மாமாவின் பொறுப்பு. "எனக்கும் மிளகாய்க்கும் ஆகாது" என்று முனகிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்.

இன்று பதிவுப் படிவம் நிரப்பினேன். தந்தையின் பெயர் கேட்ட இடத்தில், உங்கள் பெயருக்கு முன்னால், மௌத்தானவர்களுக்குப் போடும் மர்ஹூம் என்ற சொல்லை முதல்முறையாக எழுதினேன்.

பயம் இன்னும் போகவில்லை, வாப்பா. அதையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். படிப்பை முடிக்காமல் நிறுத்த மாட்டேன். நீங்கள் போக முடியாமல் போன வகுப்புக்கும் சேர்த்து நான் போவேன்.

உங்கள் மூத்த மகள்,
ரிஸ்னா