சங்கம் போகாத சாவு

மே 4, ஞாயிறு
மதியம் எங்கள் வீட்டில் ரகசியக் கூட்டம். என் வீட்டுக்காரர், வேலுசாமி அண்ணன், இன்னும் இரண்டு பேர். ஆளுக்குக் கூடுதல் ரப்பர் மரம் ஒதுக்கினால் நாளை யாரும் பால் வெட்டுவதில்லை என்று முடிவு. எல்லோரும் போன பிறகும் வேலுசாமி அண்ணன் இருந்து, ஒழுகும் கூரைத் தகரத்தை இருட்டும்வரை அடித்துக் கொடுத்தார். அந்த நேரம் என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க எஹலியகொட டவுனுக்குப் போய் வந்தார்.

மே 5
விடிவதற்குள் தோட்டத்துத் துரைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! எங்களுக்குப் பதிலாகப் பால் வெட்டக் கீழ்க் கிராமத்து ஆட்களை லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சொன்னது வேலுசாமிதான் என்கிறார் இவர். எப்படித் தெரியும் என்றேன். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."
மூஞ்சியைப் பார்த்தா?

மே 9
வேலுசாமி அண்ணனின் அம்மா இருளாயி இறந்துவிட்டார்.
பந்தல், நாற்காலி, குழி வெட்டுவது எல்லாம் இங்கே மரணாதார சங்கத்தின் வேலை. தலைவர் இவர்தான். முன்பு ஒரு குடும்பம் நாலே பேராகப் பிணம் தூக்கிப் போனதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். சாவு வீட்டில் பகை பார்ப்பதில்லை என்று கோயிலில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இன்று சொல்கிறார்: "காட்டிக் குடுத்தவன் வீட்டுக்கு நாங்க போக மாட்டோம். சங்கத்து முடிவு."
சங்கம் எப்போது கூடியது? சாவுச் செய்தி வந்ததிலிருந்து இவர் வீட்டை விட்டு நகரவே இல்லையே?
நான் மட்டும் போனேன். "நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா தங்கச்சி?" என்று கேட்டார் வேலுசாமி அண்ணன். வெட்கத்தில், தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனேன்.

மே 10
குழி வெட்டியது கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள். அன்று லொறியில் வந்தவர்களேதான். அவர்களில் ஒருவரிடம் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே துரை ஆள் அனுப்பி வரச்சொன்னாராம்.
ஞாயிறு, பொழுது சாயும்போது. வேலுசாமி அண்ணன் எங்கள் கூரை மேல் இருந்தார். இவர்? மற்ற இரண்டு பேரில் ஒருவராகவும் இருக்கலாம். இருக்கலாம், இருக்கட்டும் — கடவுளே, அவர்களாகவே இருக்கட்டும்.

மே 12
இவரிடம் கேட்கவில்லை. பயம். என் பங்குப் பாணைக் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டேன்.

மே 19
காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னும் துரை இவரைக் கங்காணி ஆக்கிவிட்டாராம். சிரித்துக்கொண்டே வந்தார். தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி சீனி கூடக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு நம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் வருவார்கள் என்று கேட்டேன்.
"அதுக்குத்தானே சங்கம் இருக்கு" என்றார்.